கடலோரம் ஒரு பச்சைச் சட்டை

ஜத்மிகோவுக்கு இடது காது கேட்காது. இந்த விஷயம் உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். போன வருடம் இதே மாதம், தென்கடல் கரையில், மூத்த மாணவன் ஹந்தாரு விட்ட அறையில் அந்தக் காதுக்குள் ஏதோ கிழிந்தது. இரண்டு நாள் தலையணையில் மஞ்சளாக ஒழுகியது. கடலில் குளித்தபோது தண்ணீர் புகுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னான். குழுவில் யாரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் கழுத்தில் கட்டிய ஆரஞ்சுத் துணியைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

அந்தத் துணிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஜோக்ஜா நகரத்தில் அவர்கள் படித்த கல்லூரியின் மலையேற்றக் குழுவில் சேருகிறவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கடற்கரையில் மூத்தவர்கள் கையால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் துணியைக் கட்டி, கட்டிப்பிடித்து, தம்பி என்பார்கள். அறைந்தால் அந்நியன் தம்பியாகிவிடுவான் என்று எந்த மடையன் கண்டுபிடித்தானோ, முப்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது. அதில் அழுதவர்கள் அடுத்த வருடம் சிரித்துக்கொண்டே அடிக்க வருகிறார்கள். இந்த வருடம் ஜத்மிகோவின் முறை.

பேருந்தில் புதுப்பையன்கள் பன்னிரண்டு பேர், மூத்தவர்கள் எட்டுப் பேர். ஜத்மிகோவின் இடப்பக்கம் ஒரு நெட்டைப் பையன் வந்து உட்கார்ந்தான். பெயர் பிரசோஜோ. கழுத்து நீளம் என்பதால் முதல் வாரமே வாத்து என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அவன் கால் மணி நேரமாக ஏதோ பேசிக்கொண்டே வந்திருக்கிறான். ஜத்மிகோவுக்கு அவன் வாய் அசைவதுதான் தெரிந்தது.

"என்ன மாஸ், நான் பேசுறது பிடிக்கலியா?" என்று அவன் முன்னால் எட்டிப் பார்த்துக் கேட்டான். மூத்தவர்களை மாஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். மறந்தால் அதற்குத் தனி அறை.

"வெயில் அடிக்குதுடா. இந்தப் பக்கம் மாறி உக்காரு."

இடம் மாறி உட்கார்ந்ததும் பிரசோஜோ மடியில் ஒரு தேக்கிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். சோறு, பொரித்த சோயா டெம்பே, மிளகாய்த் துவையல். பாதியை ஜத்மிகோவின் கையில் வைத்தான். இளையவன் கையால் மூத்தவன் வாங்கித் தின்னக்கூடாது என்றும் குழுவில் ஒரு சட்டம் உண்டு. பசி சட்டத்தைப் பார்க்குமா? ஜத்மிகோ முன்சீட்டுக்குப் பின்னால் குனிந்து மறைந்துகொண்டு தின்றான்.

"எங்க ஊரு மெராபி எரிமலை அடிவாரம் மாஸ். அப்பா ஆத்துல மணல் அள்ளி லாரிக்கு ஏத்துறாரு. மலை கக்குறதுல பாதியை எங்கப்பா அள்ளிடுவாரு. அவர் கையில சிக்காத மீதிதான் ஆத்தோட உருண்டு இங்க கடலுக்கு வருது. இன்னிக்கு நான் மிதிக்கப் போறது எங்கப்பா விட்டுவச்ச மணலு."

ஜத்மிகோ சிரித்துவிட்டான். பையனும் சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"மாஸ், உண்மையைச் சொல்லுங்க. ரொம்ப அடிப்பாங்களா?"

"சேச்சே. சும்மா விளையாட்டுக்குடா."

"உங்களையும் அடிச்சாங்களா?"

"அடிச்சாங்கதான். பாரு, எனக்கென்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கேன்."

அந்தப் பொய்யைச் சொல்லும்போது அவன் கை தானாக இடது காதுக்குப் போனது. பிரசோஜோ அதைக் கவனிக்கவில்லை. நிம்மதியாகச் சாய்ந்து ஒரு பாட்டை முனக ஆரம்பித்தான்.

கரைக்கு வந்து இறங்கியபோது மணி பத்து. குதிரை வண்டிக்காரர்களும் இளநீர்க் கடைகளும் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, கிழக்கே பாறைத் திருப்பத்துக்கு அந்தப்புறம் கூட்டிப்போனார்கள். அங்கே மனித நடமாட்டம் கிடையாது. புதுப்பையன்களின் சட்டையையும் செருப்பையும் கழற்றச் சொல்லி, பைகளைப் பேருந்திலேயே போட்டுவிட்டார்கள். மூத்தவர்கள் காலில் மலையேறும் பூட்ஸ். கறுப்பு மணல் பத்து மணி வெயிலுக்கே அடுப்பில் வைத்த இரும்புச்சட்டி மாதிரி காய்ந்திருந்தது. பையன்கள் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்கள். அதைப் பார்த்து மூத்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஹந்தாரு சிரிக்கவில்லை. நாலாம் வருடம், குழுவுக்குத் தலைவன். அவன் தோள்பையிலிருந்து ஒரு பச்சைச் சட்டையை எடுத்து உதறினான். பட்டாளத்துச் சட்டை, அழுத்தமான பச்சை. பையன்கள் முகம் செத்துப்போயிற்று. தென்கடலை ஆளும் தெய்வமான ராணிக்குப் பச்சை சொந்த நிறம். அந்த நிறத்தில் எவன் கரைக்கு வந்தாலும் தன் ஆள் என்று இழுத்துக்கொள்வாள். இந்தக் கரையில் பச்சைத் துண்டோடு வந்து நிற்க அறிவியல் படித்தவனுக்கும் தைரியம் வராது.

"எவனாவது அழுதீங்க, ஓடினீங்க, அம்மான்னீங்க, இதை மாட்டிவிட்டுக் கடல்ல உக்கார வச்சிருவேன். ராணி வந்து கூட்டிட்டுப் போவா. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாஸ்!" என்று பன்னிரண்டு தொண்டைகள் கத்தின.

மார்பு தேய ஐம்பது அடி தவழ வைத்தார்கள். அந்த மணல் சாதாரண மணல் இல்லை. இரும்புத்தூள் கலந்தது, தோலில் ஒட்டினால் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தது போல இருக்கும். வயிற்றிலும் முழங்கையிலும் ரத்தம் கசிந்தது. மெதுவாகத் தவழ்ந்தவன் முதுகில் பூட்ஸ் ஏறியது. ஒருவன் வாந்தி எடுத்தான். எடுத்த இடத்திலேயே அவன் முகத்தை அழுத்தினார்கள். முதலுதவிப் பெட்டியோடு நின்ற வெனிங் என்ற மூன்றாம் வருடப் பெண், "போதும் ஹந்தாரு, தோலே உரியுது" என்றாள்.

"பஞ்சும் மருந்தும் கொண்டுவந்தது எதுக்கு? ஒட்டு, போ."

பிறகு அறை வரிசை. ஈர மணலில், அலை வந்து திரும்பும் கோட்டுக்குப் பக்கத்தில், வெனிங்கைத் தவிர மூத்தவர்கள் ஏழு பேரும் நின்றார்கள். மற்ற பையன்கள் தலையைக் கரைப்பக்கம் வைத்துக் குப்புறப் படுத்து, கண்ணை மூடி, முகத்தை மணலில் புதைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவனாக எழுந்து வந்து ஏழு பேரிடமும் ஆளுக்கு ஓர் அறை வாங்கி, ஒவ்வொரு அறைக்கும் "நன்றி மாஸ்" என்று சொல்ல வேண்டும். ஜத்மிகோ ஆறாவது. கடைசி ஆள் ஹந்தாரு.

முதலில் வந்த இருவரையும் ஜத்மிகோ தொட்டும் தொடாமலும் அறைந்தான். அலைச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. மூன்றாவதாகப் பிரசோஜோ வந்தான். ஐந்து அறை வாங்கியிருந்தான். உதடு கிழிந்து, ஒரு கண் மூடிக்கொள்ளத் தொடங்கியிருந்தது. ஜத்மிகோ அவன் கன்னத்தில் லேசாகத் தட்டினான்.

"என்னடா ஜத்மிகோ, குழந்தைக்குப் பவுடர் போடுறியா?" என்று ஹந்தாரு கத்தினான். வரிசையே சிரித்தது. "கை இல்லாதவனுக்கு அந்தக் கழுத்துத்துணி எதுக்கு? கழட்டி அவன்கிட்டயே குடுத்திரு. ம், இன்னொரு தடவ."

பிரசோஜோ வீங்கிய உதட்டோடு மெல்லச் சிரித்தான். "பரவால்ல மாஸ். அடிங்க" என்றான், ஜத்மிகோவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்தச் சிரிப்புதான் ஜத்மிகோவுக்குப் பொறுக்கவில்லை. தன்மேல் வந்த வெறுப்பு, ஹந்தாரு மேல் ஒரு வருடமாக அடக்கிவைத்த ஆத்திரம், அவன் கையால் வாங்கித் தின்ற அந்தப் பாதிச் சோறு, எல்லாம் சேர்ந்து கைக்கு வந்தது. ஓங்கி அறைந்தான். கன்னத்துக்குப் போக வேண்டிய கை காதில் விழுந்தது. பையன் தள்ளாடி, காதைப் பொத்திக்கொண்டு குனிந்தான். நன்றி சொல்லவில்லை.

அடுத்து நின்ற ஹந்தாரு ஏதோ கேட்டான். பிரசோஜோவுக்குக் காது அடைத்துப்போயிருக்க வேண்டும். அது எப்படி இருக்கும் என்று அங்கே ஜத்மிகோ ஒருவனுக்குத்தான் தெரியும். பையன் நிமிர்ந்து பார்த்து, "என்ன?" என்றான்.

மாஸ் என்ற சொல் இல்லாத வெறும் 'என்ன'. ஹந்தாருவின் முகம் கறுத்தது. இரண்டடி பின்னால் போய், ஓடிவந்து, பூட்ஸ் காலால் பையனின் நெஞ்சில் எட்டி உதைத்தான். காய்ந்த மூங்கிலை மிதித்த மாதிரி ஒரு சத்தம். பிரசோஜோ மல்லாந்து விழவும் பெரிய அலை வந்து அவனை மூடவும் சரியாக இருந்தது.

தென்கடல் அலை வந்த வேகத்தைவிடத் திரும்புகிற வேகம் பெரிது. பத்தடி இழுத்துப் போய்விட்டது. இருவர் பாய்ந்து காலைப் பிடித்து இழுத்து வந்து போட்டார்கள். பேச்சு மூச்சு இல்லை. மூக்கில் நுரை. நெஞ்சின் நடுவே பூட்ஸின் அடித்தடம், கோடு கோடாக, அச்சு வைத்தது போலப் பதிந்து சிவந்திருந்தது. மற்ற பையன்கள் இன்னும் கண்ணை மூடிக்கொண்டு மணலில் முகம் புதைத்துக் கிடந்தார்கள்.

வெனிங் ஓடிவந்து மண்டியிட்டாள். "நகருங்க! வாய் வச்சு ஊதணும். யாராவது கடற்காவலர்களைக் கூப்பிடுங்க!"

"இரு." ஹந்தாரு அவள் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினான். அவன் கண் அந்தத் தடத்தின் மேலேயே இருந்தது. முகம் வெளிறியிருந்தாலும் மூளை வேலை செய்தது. "முதல்ல சட்டை."

"என்ன சட்டை?"

"பச்சைச் சட்டை. இவன் அதைப் போட்டுக்கிட்டுக் கடல்ல இறங்கினான். அலை கொண்டு போச்சு. நாம இழுத்துப் போட்டோம். இந்தக் கரையில அதுக்கு மேல எவன் கேள்வி கேப்பான்? ஜத்மிகோ, மாட்டு."

"மாஸ், மூச்சு முதல்ல..."

"நீ அடிச்ச அடியில அவன் காதுல ரத்தம் வருது பாத்தியா? நான் மாட்டினா நீயும் மாட்டுவே. சட்டையை மாட்டுடா!"

பையனின் காதிலிருந்து ஒரு மெல்லிய சிவப்புக் கோடு கழுத்துக்கு இறங்கியிருந்தது. ஜத்மிகோ சட்டையைக் கையில் வாங்கினான். அவன் கோழை. இதைச் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடலாம், அவனே பிறகு பல பேரிடம் அப்படித்தான் சொன்னான். ஈரக் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துச் சட்டைக்குள் விட்டான். நீளமான கைகள், மடங்க மறுத்தன. வெனிங் அழுதுகொண்டே "சீக்கிரம், சீக்கிரம்" என்றாள். முதல் பொத்தான். இரண்டாவது. மூன்றாவதில் தடம் மறைந்தது. நான்காவது பொத்தானைத் துளையில் நுழைக்கும்போது விரலுக்கு அடியில் ஏதோ துடித்தது. ஒரு தடவை. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. ஜத்மிகோ கையை எடுத்துக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவதையும் போட்டு முடித்துவிட்டுத்தான் "ஆச்சு மாஸ்" என்றான்.

அதன் பிறகே வெனிங்கை விட்டார்கள், அதன் பிறகே ஒருவன் பாறையைச் சுற்றி ஓடினான். கடற்காவலர்கள் வந்து அரைமணி நேரம் நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். முதியவர் ஒருவர் கடைசியில் கையை விட்டுவிட்டு, சட்டையின் காலரைத் தொட்டுப் பார்த்து, "பச்சை" என்றார். அந்த ஒற்றைச் சொல் கரை முழுக்கப் பரவியது. பூக்காரிகள் கூடையோடு ஓடிவந்து கடலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பிறகு வந்த போலீஸ்காரர், ஹந்தாரு சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். ஹந்தாருவின் கண்ணில் கண்ணீர்கூட வந்தது. படுபாவிக்கு அழவும் தெரிந்திருந்தது.

உடலைக் கடற்காவலர் கொட்டகைக்குக் கொண்டுவந்து பாயில் கிடத்தினார்கள். நகரத்திலிருந்து டாக்டர் வர வேண்டும் என்றார்கள். அவருக்கு முன்னால் தகப்பனார் வந்துவிட்டார். மணி மூன்று. ஒரு மணல் லாரி கொட்டகை வாசலில் வந்து நின்றது. பின்னால் பாதி லோடு மணல் அப்படியே இருந்தது, இறக்கக்கூட நிற்காமல் வந்திருக்கிறார்கள். இறங்கியவர் ஒல்லி, அதே நீளக் கழுத்து. பெயர் கர்சோ என்று யாரோ சொன்னார்கள். நகக் கண்ணெல்லாம் கறுப்பு மணல். மகன் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைத் தடவினார். அழவில்லை.

"மனசைத் தேத்திக்குங்க ஐயா" என்றார் போலீஸ்காரர். "பச்சை போட்டுக்கிட்டுத் தண்ணியில இறங்கிட்டான். ராணி விருப்பம். நாம என்ன பண்றது?"

கர்சோ சட்டையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அவன் பை எங்க?"

பேருந்து ஓட்டுநர் கொண்டுவந்து கொடுத்தார். கர்சோ பையைத் தரையில் கொட்டினார். பழுப்புத் துண்டு. நீல நிற மாற்றுச் சட்டை. சாயங்காலத்துக்கு என்று கட்டிய இன்னொரு தேக்கிலைப் பொட்டலம், வாடிப் பழுப்பேறியது. ஒரு சோப்பு டப்பா. அதன் மூடியைச் சுற்றி மின்சாரக் கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அவர் அந்த டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"நேத்து சாயங்காலம் இவன் அம்மா இந்தப் பையை மூணு தடவ கொட்டிக் கொட்டிப் பாத்தா" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "கைக்குட்டையில ஓரம் பச்சைன்னு எடுத்துட்டா. தலைவலித் தைலத்துல தாள் பச்சைன்னு கிழிச்சுட்டா. சோப்பு டப்பாவுக்கு மட்டும் வேற மூடி இல்ல."

டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பி, மெதுவாக உரித்தார். கீழே மூடி பளிச்சென்று பச்சையாக இருந்தது.

"இது வெளிய தெரியக்கூடாதுன்னு என் டேப்ப எடுத்துச் சுத்தினா. இவன் பக்கத்துல உக்காந்து நுனியைப் புடிச்சுக்கிட்டான். சோப்பு டப்பாவுக்கே பயந்த புள்ள. இவன் இந்தச் சட்டையைப் போடுவானா?"

போலீஸ்காரரின் பேனா நின்றது. கர்சோ மூத்த மாணவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாரோட சட்டை இது?"

ஹந்தாரு ஜத்மிகோவின் இடப்பக்கம் நின்றிருந்தான். குனிந்து அவன் காதோடு வாய் வைத்து ஏதோ சொன்னான். மிரட்டலோ கெஞ்சலோ, மூச்சுக்காற்றின் சூடு மட்டும் ஜத்மிகோவின் கழுத்தில் பட்டது. அந்தக் காதைத்தான் ஹந்தாரு போன வருடமே தன் கையால் அடைத்துவிட்டானே. ஒரு சொல்லும் உள்ளே போகவில்லை.

"சட்டை இவரோடது ஐயா" என்றான் ஜத்மிகோ, ஹந்தாருவைக் கைகாட்டி. "மாட்டிவிட்டது நான்."

ஹந்தாரு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முகத்தில் குத்தினான். ஜத்மிகோவின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது. போலீஸ்காரரும் இரண்டு கடற்காவலர்களும் பாய்ந்து ஹந்தாருவை மடக்கி, தரையில் குப்புறத் தள்ளி முழங்காலால் அழுத்தினார்கள். "பொய்! பொய் சொல்றான்! அவனும்தான் அடிச்சான்!" என்று அவன் தரையில் வாய் தேய்த்துக் கத்தினான்.

கர்சோ அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீயும் அடிச்சியா தம்பி?"

"அடிச்சேன் ஐயா. காதுல."

"நீ மாட்டினதை நீயே கழட்டு."

ஜத்மிகோ மண்டியிட்டான். மூக்கிலிருந்து ரத்தம் பச்சைத் துணியில் சொட்டியது. முதல் பொத்தானைக் கழற்றினான். இரண்டாவதைக் கழற்றினான். மூன்றாவது திறந்ததும் பூட்ஸ் தடம் தெரிந்தது. காலையில் சிவப்பாக இருந்தது இப்போது கருநீலமாகியிருந்தது. கோடுகள் எண்ணிவிடலாம் போலத் தெளிவாக இருந்தன. பின்னாலிருந்து வெனிங் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. நான்காவது பொத்தானில் ஜத்மிகோவின் விரல் நின்றுவிட்டது.

"என்ன?" என்றார் கர்சோ.

"இந்த பட்டனைப் போடுறப்ப..." அவன் பொத்தானிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உள்ள துடிச்சுது ஐயா. ரெண்டு தடவ. நான் யார்கிட்டயும் சொல்லல."

அவர் அடிப்பார் என்று ஜத்மிகோ காத்திருந்தான். அடித்தால் தேவலை என்று இருந்தது. கர்சோ அவன் கையைப் பிடித்தார். மணல் அள்ளிக் காய்த்துப்போன கை, இரும்புப் பிடி. அந்தக் கையை விரித்து மகனின் நெஞ்சில் வைத்து அழுத்தினார்.

"இங்கயா?"

"இங்கதான்."

"எடுக்காத. இப்ப துடிக்குதான்னு பாத்துச் சொல்லு."

ஜத்மிகோ அழுதான். அவர் கையை விடவில்லை.

"சொல்லு தம்பி. டாக்டர் வர்ற வரைக்கும் பாத்துச் சொல்லிக்கிட்டே இரு."